மேடைக்குப் பின்னால் எடுத்த படங்கள்

செவ்வாய், புக்கிட் ரோத்தான்

இரவெல்லாம் ரிச்சர்ட் பார்த்தலோமியூவின் படங்கள்தான். கலை விமர்சகர். 1960களின் தொடக்கத்தில் டில்லியில் குனிகா கலைக்கூடத்தை நடத்தியவர், பின்னாளில் லலித் கலா அகாடமியின் செயலாளர். ஓவியர்கள் உசேன், ராம் குமார், கிருஷன் கன்னா, பீரேன் டே எல்லாருக்கும் அவர் வீட்டு மனிதர் மாதிரி. அதனால்தான் அவர் கேமராவுக்கு முன் யாரும் முகத்தைச் சரிசெய்துகொள்ளவில்லை. எழுத்து பத்திரிகைக்குப் போனது. படங்கள் வீட்டோடு இருந்தன.

1926இல் பர்மாவின் தாவோயில் பிறந்து, ஜப்பானியர் நுழைந்தபோது இந்தியாவுக்குத் தப்பியவர். அந்தப் பர்மாவை எட்டும் சயாம் மரண ரயில் பாதையைப் போடத்தான் இங்கே மலாயாவிலிருந்து நம் தோட்டத்து ஆட்களை இழுத்துப் போனார்கள். போனவர்களில் எத்தனையோ பேருக்கு வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது.

வியாழன், பத்தாங் பெர்ஜுந்தை

பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி வருஷக்கணக்காகியும் எனக்கு வாயில் வரவில்லை. பழைய கிராணி ஒருவரின் வீட்டில் ஆல்பம் பார்த்தேன். திருவிழா நாடகங்களின்போது அவர் மேடைக்குப் பின்னால் நின்று எடுத்தவை. ஒரு படத்தை விட்டு நகர முடியவில்லை. ராஜபார்ட்டுக்கு முகத்தில் பாதி அரிதாரம்தான் ஏறியிருக்கிறது. கையில் காலிப் பால் டப்பாவில் கோப்பி. பின்னால் ஆணியில் கிரீடம், அதே ஆணியில் பால்வெட்டுக்குப் போகும் நெற்றி விளக்கு. விடிந்தால் பெரட்டுக்கு நிற்க வேண்டிய மனிதர்! மேடையில் எடுத்திருந்தால் ராஜா மட்டும்தான் கிடைத்திருப்பார்.

சனி

பார்த்தலோமியூ 1985இல் இறந்தார். போபால் விஷவாயு விபத்துப் படத்தால் உலகறிந்த மகன் பாப்லோ, அப்பாவின் நெகட்டிவ்களைத் திறந்து ஒழுங்குசெய்து 2009இல் கண்காட்சி வைத்தார். அவருக்கு ஒரு வசதி இருந்தது: உசேன் முகத்துக்கு யாரும் பெயர் எழுத வேண்டியதில்லை. நம் ராஜபார்ட்டை யாருக்குத் தெரியும்? கித்தா போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன, சனம் ரவாங்குக்கும் கிள்ளானுக்கும் சிதறிவிட்டது. பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஸ்கேன் பண்ணுவது பிறகு நடக்கட்டும், முதலில் பெயர்.

ஞாயிறு

ஆல்பத்தின் ஒட்டுப்பசை படத்தைத் தின்கிறது. மெல்ல உரித்து, பின்பக்கம் மென்பென்சிலால் எழுதினோம். பேனா மை ஊறிவிடும். பாட்டி ஒருவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, “வாத்தியாரே, ஸ்திரீபார்ட் கட்டியிருக்கறது மூனாவது லயத்து மாமா. எழுதிக்குங்க” என்றார்.

பக்கத்தில் இருந்த தாத்தா விடவில்லை. “யாரு சொன்னா? அது அவரு தம்பி. சேலையை நாந்தான் கட்டிவிட்டேன்!”

இரண்டு பெயரையும் எழுதியிருக்கிறேன். ரவாங்கில் அந்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாளாம். புதன்கிழமை படத்தோடு போகிறேன்.