மூத்தவரும் நண்பரும்

வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடலை 45ஆம் அதிகாரத்தில் வைத்தார், நட்பை 79இல். இரண்டும் பொருட்பாலில்தான் இருக்கின்றன. என்றாலும் இடையே உள்ள தூரம் எனக்கு அர்த்தமுள்ளதாகப் படுகிறது. மூத்தவர் துணை, ஒத்தவன் நண்பன். தமிழ் மனம் இந்தப் பிரிவினையை இன்னும் கைவிடவில்லை. வயதில் பெரியவரோடு நமக்குச் சாத்தியமாகிறவை பக்தி, பணிவு, பின்னால் கலகம். சிநேகம் இந்த வரிசையில் இல்லை.

சிறுபத்திரிகை இந்த ஏற்பாட்டைச் சற்றுக் குலைத்தது. சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழில், 1900இல் பிறந்த ந. பிச்சமூர்த்தியும் திருகோணமலையில் 1939இல் பிறந்த தருமு சிவராமுவும் எழுதினார்கள். ஒரு வீட்டில் தாத்தாவும் பேரனுமாக இருந்திருக்கக்கூடியவர்கள், அந்தப் பக்கங்களில் சக கவிஞர்கள். அச்சு வயது கேட்பதில்லை.

எனக்கும் அப்படி ஒருவர் கிடைத்தார். 1986இல் எனக்கு 23, அவருக்கு 52. நான் 'சார்' என்றேன். அவர் கடைசிவரை என்னை 'நீங்கள்' என்றார். அவருடைய கதை ஒன்று பாதியில் செத்துவிட்டதாக எழுதினேன். மூன்று மாதம் பதில் இல்லை. பிறகு ஒரு கார்டு: 'திருத்திவிட்டேன். நீங்கள் சொன்ன இடத்தில் அல்ல.' எங்கள் சிநேகம் அந்தக் கார்டில் தொடங்கியது என்பேன். அவர் எனக்கு இணங்கவில்லை. ஆனால் என் வாசிப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டார். சமத்துவம் என்று நான் அறிந்தது இவ்வளவுதான்.

29 ஆண்டு வித்தியாசம் மாறுவதில்லை. அதன் கனம் மாறுகிறது. என் முப்பதுகளில் அது மறந்தே போயிற்று. அவர் கண் மங்கியபோது வேறு உருவில் திரும்பி வந்தது. நான் படித்துக் காட்டுவேன். பிடிக்காத வரியில் கையை உயர்த்துவார். 2009இல் அவர் இறந்தபோது உறவினர் ஒருவர், 'நீங்க அவர்கிட்ட படிச்சவரா?' என்று விசாரித்தார். 'சிநேகிதன்' என்றேன். அவர் முகம் சுளித்தது. மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டார் போலும்.

இப்போது நான் 60ஐத் தாண்டிவிட்டேன். ஓர் இளைஞர் என்னைத் தேடி வருகிறார். நன்றாக எழுதுகிறார். நான் சொல்வதற்கெல்லாம் 'ஆமாங்கய்யா' என்கிறார். நான் சந்தேகப்படும் வரியை அங்கேயே அடித்துவிடுகிறார். மூத்தவரை நண்பராக்கும் முதல் மறுப்பு இளையவரிடமிருந்துதான் வர வேண்டும். அதை நான் கேட்டு வாங்க முடியாது. கேட்டால் அதுவும் கட்டளையாகிவிடும்.