திரும்பி வரும் சட்டை

கோவை பீளமேட்டில், பம்ப்செட் உதிரிபாகக் கடை ஒன்றின் மேல்மாடி. அங்கே ஒன்பது பேர் சேர்ந்து ஜவுளிக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் எழுதுகிறார்கள். 2025 செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் முழுக்க அவர்களோடு உட்கார்ந்திருந்தேன். கீபோர்டு சத்தம் ஓயாது என்று எண்ணிப் போயிருந்தேன். காலையில் முதல் ஒரு மணி நேரம் கூடமே அமைதியாக இருந்தது. எல்லோரும் திரையில் எதையோ படித்துக்கொண்டிருந்தார்கள்.

குழுவை நடத்துபவர் நாற்பதைத் தாண்டிய பெண்மணி. அங்கே எல்லோருக்கும் அக்கா. “புதுசா எழுதறது கொஞ்சந்தானுங்க. முன்னாடி எழுதி வெச்சதைப் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டாத்தான் அதுல கை வைக்கவே முடியும்” என்றார்.

கை வைத்தே ஆகவேண்டிய நேரம் அது. செப்டம்பர் 3-ஆம் தேதி கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் வரிவிகிதங்களை மாற்றியிருந்தது. 22-ஆம் தேதி அமல். நடுவில் 19 நாள். ஆயத்த ஆடைக்கு அதுவரை 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. இனி 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. கேட்டால் இரண்டு மூன்று எண்களை மாற்றும் வேலை போலத் தெரியும். அக்கா ஒரு தாளை எடுத்துச் சட்டை ஒன்றை வரைந்தார்.

வரி சேராமல் அதன் விலை 1,500 ரூபாய். ஒருவர் 20-ஆம் தேதி வாங்குகிறார். 12 சதவீத வரியோடு 1,680 ரூபாய் கொடுக்கிறார். அளவு சரியில்லை என்று 25-ஆம் தேதி திருப்பிக் கொண்டுவருகிறார். அன்றைக்கு அதே சட்டைக்கு வரி 5 சதவீதம். அன்றைய விகிதத்தில் மென்பொருள் கணக்குப் போட்டால் அவர் கைக்கு 1,575 ரூபாய்தான் வரும். 105 ரூபாய் குறைகிறது.

இப்படிப்பட்டவற்றைக் கேட்டுக் கேட்டுத் தெளிந்து எழுதி வைப்பதற்கு ரிக்வயர்மென்ட் எடுப்பது என்று பெயர். கடைக்காரர் “புது வரியைப் போட்டுக் குடுங்க” என்றுதான் சொல்வார். திரும்பி வரும் சட்டையை நினைத்துப் பார்க்க வேண்டியது எழுதுகிறவரின் பொறுப்பு.

பழைய நிரலில் ஒரு சிக்கல் இருந்தது. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்த அவசரத்தில், சில இடங்களில் 12 என்ற எண்ணை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டிருந்தார்கள். ஹார்ட்கோட் என்பார்கள் இதை. இப்போது அந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அவசரத்துக்குச் செய்யும் இத்தகைய குறுக்குவழிக்கு வார்டு கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலாளர் 1992-இல் கடன் என்ற உவமையைச் சொன்னார். டெக்னிக்கல் டெட் என்று இன்று எல்லோரும் சொல்வது அதைத்தான். கடன் வாங்குவது குற்றமாகாது. அடைக்காமல் விட்டால் வட்டி ஏறும். இங்கே ஏறியிருந்தது எட்டு வருட வட்டி.

அடைத்த விதத்தைக் கிட்டே இருந்து பார்த்தேன். எண்களை நிரலிலிருந்து எடுத்து ஓர் அட்டவணைக்குக் கொண்டுபோனார்கள். பொருள், விலை வரம்பு, வரி, அதோடு புதிதாக ஒரு பத்தி: எந்தத் தேதி முதல். பழைய வரியை அழிக்கவில்லை. அதன் கீழே 22-ஆம் தேதி போட்டுப் புது வரி. பில்லின் தேதியைப் பார்த்து உரிய வரியை மென்பொருள் எடுத்துக்கொள்ளும். நாளை மறுபடி வரி மாறினாலும் நிரலைத் தொட வேண்டாம். ஒரு வரிசை சேர்த்தால் போதும். டிசைன் என்ற சொல்லின் பொருள் எனக்கு அங்கேதான் விளங்கியது. எது அடிக்கடி மாறும், எது மாறாது என்று பார்த்து இரண்டையும் பிரித்து வைப்பது.

பரிசோதிக்கும் பெண்ணின் நோட்டில் எல்லாம் ஓரங்கள்தான். 1,000 ரூபாய், 1,001 ரூபாய், 2,500, 2,501, 21-ஆம் தேதி இரவு 11.59, நள்ளிரவு 12. “தப்பு நடுவுல இருக்காதுங்க, வரம்புலதான் ஒளிஞ்சிருக்கும்.” பழைய சோதனைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒன்றை மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுகிறார்கள். ரிக்ரெஷன் டெஸ்டிங். புதியதைச் சரிசெய்யும்போது பழையது உடைந்துவிடக் கூடாதே.

அவரே எனக்கு இன்னொன்றும் காட்டினார். கணினியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினார். 0.30000000000000004 என்று வந்தது. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதப்போனால் 0.333 என்று முடியாமல் நீள்வது போல, பத்தில் ஒரு பங்கு கணினியின் இரும எண்முறையில் முடிவதில்லை. ஓரிடத்தில் வெட்டித்தான் வைக்க வேண்டும். அதனால் பணத்தை அவர்கள் ரூபாயில் வைப்பதில்லை. எல்லாம் முழு எண்ணாகப் பைசாவில். கடைசியில் பில்லில் அச்சாகும்போதுதான் ரூபாயாகிறது.

மாலையில் கோட் ரிவ்யூ. சேர்ந்து ஆறு மாதமான ஓர் இளைஞர் எழுதியதை அக்கா வரிவரியாகப் படித்தார். ஓரிடத்தில் வரிவிகிதத்துக்கு இளைஞர் ‘ரேட்2’ என்று பெயர் வைத்திருந்தார். “தம்பி, ரெண்டாவது ரேட்டுன்னா எது? உனக்கு இன்னைக்குத் தெரியும். உனக்கப்புறம் வர்றவனுக்கு?” பெயர் ‘பில்தேதி வரி’ என்று மாறியது. இந்த வேலைக்கெல்லாம் சேர்த்து மென்பொருள் பொறியியல் என்று பெயர். அந்தப் பெயரைப் பரவலாக்கியது 1968-இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஆதரவில் நடந்த மாநாடு. பெரிய மென்பொருள்கள் குறித்த காலத்தில் முடியாமல், பிழையோடு வந்துகொண்டிருந்ததுதான் அங்கே கூடியவர்களின் கவலை. நிரல் ஓடினால் மட்டும் போதாது. வேறொருவர் கைக்குப் போனாலும், விதியே மாறினாலும் அது தாங்க வேண்டும். அந்தக் கவலைக்கு மருந்தாக நான் பார்த்தது, பெயரைத் திருத்திய அந்த ஐந்து நிமிடத்தை.

21-ஆம் தேதி ஞாயிறு இரவு மறுபடி போனேன். முதலில் மூன்று கடைகளுக்கு மட்டும் புதிய பதிப்பை அனுப்பினார்கள். சரியாக ஓடிய பிறகே மற்ற கடைகளுக்கு. கோளாறு வந்தால் பழைய பதிப்புக்குத் திரும்ப, ரோல்பேக்குக்கும் வழி தயாராக இருந்தது. நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடத்தில் முதல் சோதனை பில் வந்தது. வரி 5 சதவீதம். அடுத்து, 20-ஆம் தேதி பில்லை வைத்துச் சட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். 1,680.

கிட் என்ற கருவி, நிரலின் எந்த வரியை யார் எப்போது, ஏன் மாற்றினார் என்ற வரலாற்றைக் காக்கிறது. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் பணிக்காக எழுதியது. இளைஞர் அதில் பின்னோக்கிப் போய் 2017 ஜூலையில் நிறுத்தினார். ஒரு குறிப்பு இருந்தது: “தற்காலிகம். பிறகு அட்டவணைக்கு மாற்ற வேண்டும்.”

“நான் எழுதினதுதானுங்க அது” என்றார் அக்கா.

வரலாற்றின் மேல்முனையில் இளைஞரின் குறிப்பு: “வரி இனி அட்டவணையிலிருந்து. திரும்பி வரும் பொருளுக்குப் பில் தேதியின் வரியே. இன்றைய வரியை எடுத்தால் வாங்கியவருக்குப் பணம் குறையும்.”

அக்கா அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு விளக்கை அணைத்தார்.