ட்ரையல் பேலன்ஸும் ரெண்டு லட்சுமியும்

லீவுல ஒரு ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம்ல வேலை பாத்தேன் மக்களே. இன்சூரன்ஸ் அனுமதிக் கடிதம், ஆதார் நகல், சம்மதப் படிவம்னு எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி நோயாளியோட ஃபைல்ல ஏத்தணும். ஸ்கேன் பண்றது ஜுஜுபி. ஆனா மென்பொருளுக்கு அது வெறும் படம்தான்; நாம போடுற எண்ணும் தலைப்பும்தான் அதுக்கு முகவரி.

பேரை அடிச்சுத் தேடினா ஒரே வார்டுல ரெண்டு லட்சுமி. ஒருத்தங்க கடிதம் இன்னொருத்தங்க ஃபைல்ல ஏறியிருந்துச்சு. அவங்க மகன் சாயங்காலம் வரைக்கும் பில்லிங் கவுண்டர்லயே நின்னாரு. ஸ்கேன் எண்ணிக்கை என்னவோ கச்சிதம்! தப்பான ஆள் கணக்குல போஸ்டிங் போட்டாலும் ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகுமே, அதே கதை (பி.காம் மக்களுக்குப் புரியும்).

அன்னிக்கு ஏத்தின எல்லாத்தையும் ஒவ்வொண்ணா திறந்து பாத்து அங்க இருந்த அக்காதான் கண்டுபிடிச்சாங்க. இனிமே பிறந்த தேதியையும் பாக்கணும்னு உத்தரவு. பாத்தா, ரெண்டு லட்சுமிக்கும் ஆதார்ல ஜனவரி 1! வருஷம் மட்டும்தான் வேற.