அத்தை எழுந்து நின்ற நாள்

போன ஐப்பசியில் ஒரு விடியற்காலை. தண்டலத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டிலிருந்து "ஐயோ"ன்னு ஒரு குரல். ஓடினேன். பாத்ரூம் வாசலில் அத்தை கிடக்கிறார். வயது 78. இடது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே மாதிரி ஒரு பாதத்தை 1992-ல் பார்த்தவள் நான்.

அப்போது நான் பத்தாவது. எங்க ஆயா திண்ணையிலிருந்து விழுந்தாள். "இந்த வயசுல ஆபரேஷனா? உடம்பு தாங்காது"ன்னு பெரியவங்க முடிவு கட்டி, காலில் செங்கல்லைத் தொங்கவிட்டுப் படுக்க வைத்தார்கள். எலும்பு சேரவில்லை. முதுகெல்லாம் படுக்கைப் புண். பிறகு நெஞ்சில் சளி கட்டியது. மூன்றாம் மாதம் போய்விட்டாள். அந்தப் புண்ணைத் துடைத்த கை இது.

அத்தையை நிமிர்த்தவோ காலை இழுக்கவோ யாரையும் விடவில்லை. 108-க்குப் போன் செய்தேன். இருங்காட்டுக்கோட்டையில் நைட் ஷிப்டு முடிந்து வீட்டுக்காரர் நேராக ஆஸ்பத்திரிக்கே வந்தார். எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டின் கழுத்து முறிந்திருந்தது. உடனே நாத்தனார் போனில், "புத்தூர் கட்டு போடலாமே அண்ணி, பெரியப்பா கை அதுலதானே சேர்ந்துச்சு!" என்றாள். கை வேறு, இது வேறு.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மூட்டுப் பந்துக்கு ரத்தம் இந்தக் கழுத்து வழியாகத்தான் போகிறதாம். அது முறிந்து விலகினால் வயதானவர்களுக்குச் சேர்வது அபூர்வம். அதனால் பந்தையே எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே முறிந்தால் எலும்புக்குள் கம்பி செருகுவார்கள். எதுவானாலும் ஓரிரு நாளில் செய்து, மறுநாளே எழுப்பி நிற்க வைப்பதுதான் இப்போதைய வழக்கம். 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 3,000 பேரைப் பார்த்திருக்கிறார்கள். ஆறு மணி நேரத்தில் செய்தாலும் ஒரு நாளில் செய்தாலும் உயிருக்கு வித்தியாசமில்லை. ஆனால் முந்திச் செய்தவர்களுக்குப் புத்தித் தடுமாற்றம் குறைவு, எழுந்ததும் சீக்கிரம்.

வீட்டுக்காரர் தயங்கினார். "டேபிள்லயே ஏதாவது ஆயிட்டா?"

"படுக்கையில ஆனா பரவாயில்லையாங்க?" என்றேன். மச்சினர்கள் முன்னால் நான் குரலை உயர்த்தியது அன்றுதான் முதல் தடவை. கை நடுங்கியது. ஆபத்தே இல்லையென்று டாக்டரும் சொல்லவில்லை. சர்க்கரை, இதயம், ரத்த அளவு எல்லாம் பார்த்துவிட்டு மறுநாள் முதுகில் ஊசி போட்டுச் செய்தார்கள்.

அதற்கு அடுத்த நாள் வாக்கரைப் பிடித்து அத்தை நின்றார். நான்கு அடி வைத்தார். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன், ஆயாவை நினைத்து.

சகோதரிகளே, வீட்டுக்கு வந்த பிறகுதான் நமக்கு வேலை. தரையில் உட்காரக் கூடாது, குந்தக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது என்றார்கள். கமோடு நாற்காலி வாங்கினோம். பாத்ரூம் சுவரில் பிடிகம்பி வைத்தோம். விழுவதற்கு முன்பே வைத்திருக்கலாம். எலும்பு தேய்ந்திருக்கிறது, இன்னொரு பக்கமும் முறியலாம் என்று அதற்கும் மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

அத்தைக்கு ஒரே குறை, அரிவாள்மணையில் உட்கார விடுவதில்லை என்று. மேஜையில் கீரை ஆய்ந்துகொண்டே, "இதெல்லாம் ஒரு ஆயறதா?"ன்னு என்னைத் திட்டுகிறார்.