300 மீட்டர்

தெற்கு பிரான்சின் நீஸ் நகரம். ஆகஸ்ட் மாதக் காலை.

கரையில் மணல் இல்லை. கூழாங்கற்கள். வெறுங்காலோடு வந்த இளைஞன் இரண்டு அடி வைக்கிறான், நிற்கிறான், கைகளை விரித்துத் தள்ளாடுகிறான். ரப்பர் காலணி மாட்டிய பாட்டி அவனைக் கடந்து நேரே தண்ணீருக்குள் இறங்குகிறார். நாலு எட்டில் இடுப்பளவு. அதற்கப்புறம் கால் தரையைத் தேடுகிறது.

ஒரு தாய் மகளின் புஜத்தில் காற்றுப்பட்டை மாட்டுகிறாள். ஊதுகிறாள். மூடியை விரலால் உள்ளே அழுத்துகிறாள். இழுத்துப் பார்க்கிறாள். பிறகு தானும் இறங்குகிறாள். மகள் கைக்கெட்டும் தூரத்திலேயே நீந்துகிறாள். கரையில் பைக்குள் போன் அடிக்கிறது. அடித்து ஓய்கிறது.

தூரத்தில் மஞ்சள் மிதவைகளின் வரிசை. கரையிலிருந்து 300 மீட்டர். அந்த எல்லைக்குள் எந்த விசைப்படகும் 5 நாட் வேகத்தைத் தாண்டக்கூடாது. மணிக்கு 9 கிலோமீட்டர் சொச்சம்.

நிலக்காற்று மெல்ல வீசுகிறது. ரப்பர் முதலை ஒன்று சிறுவனின் பிடியிலிருந்து நழுவிக் கடலுக்குள் போகிறது. அப்பா இரண்டு கை போட்டு நீந்துகிறார். முதலை வேகமாகப் போகிறது. விசில். அப்பா திரும்பிப் பார்க்கிறார். உயிர்காப்பாளர் கையை மடக்கி மடக்கிக் கரைக்கு அழைக்கிறார். அப்பா திரும்புகிறார். பையன் அழுகிறான். அழட்டும். அப்பா பக்கத்தில் இருக்கிறார்.

ஜெட் ஸ்கீக்குத் தனி வழி. ஒரு பக்கம் உருளை மிதவைகள், மறுபக்கம் கூம்பு மிதவைகள். நடுவில் நீந்துவோர் இல்லை. பயிற்றுநர் இளம்பெண்ணின் லைஃப் ஜாக்கெட்டைத் தோளோடு பிடித்து மேலே தூக்குகிறார். அது காதுவரை ஏறுகிறது. அவிழ்க்கிறார், சின்னது ஒன்றை மாட்டுகிறார். திரும்பவும் தூக்குகிறார். அசையவில்லை. பிறகு சிவப்புச் சுருள் கயிறு. ஒரு முனை அவள் மணிக்கட்டில், மறுமுனை எஞ்சின் விசையில். அவள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், எஞ்சின் நின்றுவிடும். அவள் கயிற்றை ஒருமுறை சுண்டிப் பார்க்கிறாள்.

முதலுதவிக் கூடாரத்தில் ஒருவன் முழங்காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான். சிவந்த கோடுகள், ஊதா நிற ஜெல்லி மீன் தீண்டியவை. தோழி குடிதண்ணீர் பாட்டிலைத் திறக்கிறாள். காப்பாளர் தடுக்கிறார். நல்ல தண்ணீர் பட்டால் தோலில் ஒட்டியிருக்கும் கொட்டும் செல்கள் மறுபடி வெடிக்கும். கடல்நீரை ஊற்றுகிறார். தேய்ப்பதில்லை. அட்டையின் விளிம்பால் மெதுவாக வழிக்கிறார்.

பிற்பகல். காற்று கடலிலிருந்து வீசுகிறது. பச்சைக் கொடி இறங்கி மஞ்சள் ஏறுகிறது. 2022 வரை மஞ்சளுக்குப் பதில் ஆரஞ்சு. சிலர் அண்ணாந்து பார்க்கிறார்கள். பலர் பார்ப்பதில்லை.

அலை சரிவில் மோதி உடைகிறது, கற்களை உருட்டிக்கொண்டு பின்வாங்குகிறது. நடுவயதுக்காரர் ஒருவர் கரையேறப் பார்க்கிறார். எழுகிறார், கால் வாருகிறது. மறுபடி எழுகிறார், மறுபடி விழுகிறார். காப்பாளர் விளிம்புக்கு ஓடி வருகிறார். உள்ளங்கையைக் காட்டுகிறார்: பொறு. ஒரு பெரிய அலை. இன்னொன்று. மூன்றாவது. பிறகு ஒரு சின்ன இடைவெளி. இப்போது கை அழைக்கிறது. மனிதர் நாலு காலில் தவழ்ந்து வருகிறார். வெட்கப்படவில்லை. காப்பாளர் முழங்கையைப் பற்றி மேலே இழுத்து உட்கார வைக்கிறார்.

திரும்பினால் தண்ணீரில் இன்னும் இரண்டு தலைகள் கரையைப் பார்த்தபடி இருக்கின்றன. உள்ளங்கை மீண்டும் உயர்கிறது.