அம்மாவும் நானும் கப்பலேறினோம்



நம் தோட்டத்து வீடுகளில் ‘கப்பல்’ என்ற சொல்லுக்குத் தனி எடை உண்டு. “எங்க தாத்தா கப்பலேறி வந்தவரு” என்று சொல்லாத குடும்பம் நம்மில் குறைவு. வந்ததும் போனதும், சேர்ந்ததும் பிரிந்ததும் கப்பலால்தான். ஆனால் ஓய்வுக்காகக் கப்பலேறிய கதை எங்கள் லயத்தில் யாருக்கும் இருந்ததில்லை. வயதான தாயைக் கூட்டிக்கொண்டு உல்லாசக் கப்பலில் ஊர் சுற்றுவதெல்லாம் மத்தியதரைக் கடலில் வெள்ளைக்காரச் சீமான்கள் செய்கிற காரியம் என்று படத்தில் பார்த்ததோடு சரி.

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் நானும் என் தாயாரும் அப்படியொரு பயணம் போய் வந்தோம். மத்தியதரைக் கடலுக்கு இல்லை, நம் பினாங்குக்குத்தான். அதைப் பற்றி உங்களோடு நான்கு வார்த்தை பேச வேண்டும்.

நான் கெடா மாநிலத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அம்மாவுக்கு வயது அறுபத்தேழு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். மாதம் 100 வெள்ளி என்று நான் ஒதுக்கி வைத்த பணத்தில், கிள்ளானிலிருந்து புறப்பட்டுப் பினாங்கையும் பூக்கெட்டையும் தொட்டுத் திரும்பும் மூன்று இரவுக் கப்பலில் இரண்டு சீட்டு வாங்கினேன். செய்தி பரவியதும் அக்கம்பக்கத்தில் ஒரே சிரிப்பு. “பட்டர்வொர்த்துக்கு பஸ் ஏறி பெரி பிடிச்சா பினாங்கு. இவங்க கிள்ளான் வரைக்கும் ரயில்ல போய், அங்கேயிருந்து கப்பல்ல பினாங்குக்கு வர்றாங்களாம்!” தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதைதான். அம்மாவே சிரித்தார். “எவ்வளவு ஆச்சு?” என்று கேட்டார். சொன்னேன். “நான் வேலைக்குப் போன புதுசுல நாள் சம்பளம் மூணு வெள்ளி சொச்சம்” என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

அம்மாவுக்கு அதற்கு முன் பாஸ்போர்ட் இருந்ததில்லை. குடிநுழைவு அலுவலகத்தில் படம் எடுத்து, விரல் ரேகை வைத்து, ஒரு மணி நேரத்தில் புத்தகம் கைக்கு வந்துவிட்டது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இவ்வளவு சீக்கிரமாவா குடுக்குறாங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்வியின் பொருள் எனக்குப் பினாங்கில்தான் விளங்கியது.

கிள்ளானில் அண்ணன் வீட்டில் ஓர் இரவு தங்கி, மறுநாள் துறைமுகம் போனோம். கப்பலைப் பார்த்த அம்மா, “இது கப்பலா, பட்டணமா?” என்று நின்றுவிட்டார். ஏறியதும் முதல் வேலையாக எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டி, ஆபத்து வந்தால் எந்தப் பக்கம் ஓடவேண்டும், மிதவைச் சட்டையை எப்படி மாட்டவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பெயர் சரிபார்த்தார்கள். “கப்பல்லயும் பெரட்டா!” என்று அம்மா உரக்கவே கேட்டுவிட்டார். பக்கத்தில் நின்ற ஈப்போ குடும்பம் ஒன்றும் தோட்டத்து ஆட்கள்தான் போலிருக்கிறது, அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

அந்தப் பெரட்டுக்கும் ஒரு காரணம் உண்டு. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலிக் கரையோரம் மத்தியதரைக் கடலில் கோஸ்டா கொன்கோர்டியா என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகளுக்குப் பயிற்சி கொடுப்பதற்கு முன்பே விபத்து நடந்துவிட்டது. அதன் பிறகுதான் கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனே பயிற்சி நடத்தவேண்டும் என்று உலகம் முழுவதும் விதி செய்தார்கள். ஆகவே, நீங்கள் போனால் அதைத் தட்டிக் கழிக்காதீர்கள்.

இரவு அறையில் வெள்ளை விரிப்பை அம்மா கையால் தடவிப் பார்த்தார். கொண்டுவந்த துணிப்பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய்ப் புட்டியும் கோடாலித் தைலமும் வெளியே வந்தன. படுத்துக்கொண்டே, “எங்கப்பா ராஜுலாவுல வந்தாரு. பாய் விரிக்க எடம் கெடச்சா அதிர்ஷ்டம்னு சொல்லுவாரு” என்றார்.

ராஜுலாவைப் பற்றி இளைய வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். 1926-இல் கட்டப்பட்ட கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு போய் வந்தது. அளவு எட்டாயிரம் டன் சொச்சம். அதில் மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலுமாக ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற அனுமதி இருந்தது. இன்று பினாங்குக்கு வரும் பெரிய உல்லாசக் கப்பல்கள் ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்டவை. அவற்றிலும் ஏறக்குறைய அதே அளவு ஆட்கள்தான் போகிறார்கள். நம் முன்னோர் எந்த நெருக்கடியில் வந்தார்கள் என்பதை இந்தக் கணக்கிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

ராஜுலாவுக்கு ரோனா என்று ஓர் உடன்பிறப்பும் இருந்தது. அதே ஆண்டில், அதே வழிக்கென்று கட்டியது. இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு போகையில், 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியாவுக்கு அருகே மத்தியதரைக் கடலில் ஜெர்மன் விமானம் ஏவிய குண்டு பட்டு மூழ்கியது. ஆயிரத்து நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். பெரும்பாலோர் அமெரிக்க வீரர்கள். நம் ஆட்களைச் சுமந்த கப்பல் ஒன்று அந்தச் சீமான்கள் உலா வரும் கடலின் அடியில் கிடக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். “பாவம், அதுவும் வேலைக்குப் போன எடத்துலதான் செத்துச்சா?” என்றார்.

விடிந்ததும் பினாங்குத் தீவின் மேற்குக் கரையைச் சுற்றிக்கொண்டு, முக்கா ஹெட் கலங்கரை விளக்கத்தைக் கடந்து, வடக்குப் பக்கமாக நுழைந்தோம். நாகப்பட்டினத்திலிருந்து வந்த கப்பல்களும் இந்த வடக்கு வழியாகத்தான் நுழைந்தன. ஸ்வெட்டன்ஹாம் பாலத்தில் கட்டினார்கள். 1904-இல் திறந்த அந்தத் துறை, இன்று உல்லாசக் கப்பல் முனையமாக மாறியிருக்கிறது.

ஊர் சுற்றிக் காட்டக் கப்பல்காரர்கள் பஸ் வைத்திருந்தார்கள். கொடிமலை ரயில், பட்டாம்பூச்சிப் பண்ணை என்று பட்டியல். அம்மா வேண்டாம் என்றார். “மணிக்கூண்டு இன்னும் இருக்கா? அங்க போவோம்.”

துறையை விட்டு வெளியே வந்தால் சற்றுத் தூரத்திலேயே அந்த மணிக்கூண்டு. விக்டோரியா ராணியின் அறுபதாண்டு ஆட்சிக்காக ஆண்டுக்கு ஓர் அடி என்று அறுபது அடி உயரத்தில் எழுப்பி, 1902-இல் முடித்தது. அதன் நிழலில் அம்மா உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் பேசினார். நாற்பத்தாறு ஆண்டுகளாக அவர் மகளாக இருக்கும் நான் அன்றுவரை கேட்காத கதை அது.

என் தாத்தா 1937-இல் ராஜுலாவில் வந்தார். அதற்கு அடுத்த ஆண்டு இந்திய அரசாங்கம் தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்துவிட்டது. தாத்தா இங்கேயே மணம் செய்து மூன்று பிள்ளைகளைப் பெற்றார். பாட்டி இங்கே பிறந்தவர், நீல அடையாளக் கார்டு. தாத்தாவுக்குச் சிவப்புக் கார்டு. குடியுரிமைக்கு மனுப் போடலாம் என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை, படிவம் நிரப்பவும் தெரியாது. 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று வந்தது. 1969-லும் 1970-லும் அறுபதாயிரம் பேர் அளவில் நம் தோட்டத்து மக்கள் இந்நாட்டை விட்டுப் போனார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த அறுபதாயிரத்தில் ஒருவர் என் தாத்தா. “கொஞ்ச நாளு ஊர்ல இருந்துட்டு, தாள் சரியானதும் வந்துடுறேன்” என்று கிளம்பினாராம். பாட்டி போகவில்லை. பாட்டி வேலையை விட்டால் லயத்து வீடு போய்விடும், மூன்று பிள்ளைகளும் தெருவில் நிற்கவேண்டும்.

1970-இல் அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. இதே மணிக்கூண்டுப் பக்கம் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டார்களாம். பிறகு தாத்தா தகரப் பெட்டியோடு உள்ளே போனார். கப்பல் முழுக்கத் தலைகள். எந்தத் தலை அப்பா என்று தெரியவில்லை. அம்மா கை காட்டிக்கொண்டே நின்றார். “கூட்டத்துல நான் நின்னது அவருக்குத் தெரியாமலே போயிருக்கும். கடைசியா ஒரு தடவ பாக்காமலே போயிட்டாருன்னு எனக்கு எப்பவும் ஒரு குறை” என்றார். சில ஆண்டுகள் ஏர் லெட்டர் வந்தது. 1976-இல் ஒரு கடிதம் வந்தபோது காரியமே முடிந்திருந்தது.

பாஸ்போர்ட் அலுவலகத்தில் அம்மா கேட்ட கேள்வி அப்போது எனக்கு விளங்கியது.

பிறகு குயின் தெரு மகா மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போனோம். 1833-இல் எழுப்பிய கோயில். துறைமுகத் தொழிலாளர்கள் கும்பிட்டது. தாத்தா பெயருக்கு அம்மா ஓர் அர்ச்சனை செய்தார். நட்சத்திரம் தெரியாது, பெயர் மட்டும் சொன்னார். குட்டி இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு. அம்மாவுக்குக் கப்பல் சாப்பாட்டை விட அதுதான் பிடித்தது.

மாலையில் கப்பல் புறப்பட்டபோது கீழ்த்தட்டுத் திறந்தவெளியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். துறையில் வேலையாட்கள் கயிற்றை அவிழ்த்தார்கள். யாரையோ வழியனுப்ப வந்த ஒரு குடும்பம் தூரத்தில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தது. சிவப்புச் சட்டை போட்ட ஒரு சிறுமி, தலையில் ரிப்பன். அம்மா அவளையே பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

“பிள்ள, இங்கேயிருந்து பாத்தா கீழ நிக்கிற எல்லார் மூஞ்சியும் தெரியுதே. அந்தப் பிள்ள ரிப்பன் கூடத் தெரியுது. அப்படின்னா எங்கப்பா என்னைப் பாத்திருப்பாரு.”

நான் பதில் பேசவில்லை. கீழே நிற்பவர்களுக்கு மேலே ஆயிரம் தலைகள். மேலே நிற்பவருக்கோ கீழே தம் பிள்ளை ஒருத்திதான். ஐம்பத்தைந்து ஆண்டுகள் அம்மா கீழே நின்றபடியேதான் அந்த நாளை நினைத்திருக்கிறார். அன்றுதான் கப்பலின் மேலிருந்து பார்த்தார். கரையில் இருந்த அந்தச் சிறுமிக்கு அவர் நெடுநேரம் கை காட்டினார்.

பூக்கெட்டில் வெயில் அதிகம். இறங்காமல் கப்பலிலேயே இருந்தோம். அம்மா நிம்மதியாகத் தூங்கினார். அவ்வளவுதான்.

வாசகர்களே, ராஜுலா 1974-இல் உடைக்கப்பட்டது. அதற்குப் பின் ஓடிய சிதம்பரம் கப்பலும் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. பலர் உயிரிழந்தார்கள். அதோடு இரு கரைக்கும் இடையே இருந்த பயணிகள் கப்பல் நின்றது. அந்தக் கப்பல்களில் போனவர்களும், துறையில் நின்று கை காட்டியவர்களும் இன்று நம் வீட்டுத் திண்ணையில் முதியவர்களாக இருக்கிறார்கள். இன்னும் பத்து ஆண்டு போனால் கேட்க ஆளிருக்காது.

எல்லாரும் கப்பலேற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பட்டர்வொர்த் பெரியில் ஏறினாலும் போதும். பெற்றவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை: எங்கே போகலாம் என்று அவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் இடம் உங்களுக்கு அற்பமாகத் தோன்றலாம், அங்கேயே போங்கள். மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். கப்பல் என்றால் லிப்டுக்குப் பக்கத்து அறையாகக் கேட்டு வாங்குங்கள். அறை எண்ணைத் தமிழில் ஒரு தாளில் எழுதி அவர்கள் பர்ஸில் வையுங்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். நிழலாக ஓரிடம் கிடைத்தால் பக்கத்தில் உட்கார்ந்துவிடுங்கள்.

அவர்கள் பேசத் தொடங்கினால் குறுக்கே பேசாதீர்கள். கப்பலின் பெயர், வந்த ஆண்டு, இறங்கிய துறை, ஊர்ப் பெயர் இவற்றைப் பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில் அன்றிரவே எழுதி வையுங்கள். பெட்டியடியில் சிவப்புக் கார்டோ ஏர் லெட்டரோ கிடந்தால் குப்பையென்று எறிந்துவிடாதீர்கள். என் தாத்தாவின் கடிதங்களில் இரண்டு அம்மாவிடம் மிஞ்சியிருக்கின்றன. வரும் விடுமுறையில் அவற்றை அம்மா படிக்க, என் பிள்ளைகள் கேட்கப்போகிறார்கள்.