மிதிக்கிறவனின் சுருதி

குயீன் இசைக்குழுவின் பிரையன் மே வாசிக்கும் கிற்றார் ஒலியை அப்படியே எடுக்க வேண்டுமென்றால் இன்றைக்கு எல்லாம் விலைக்குக் கிடைக்கும். அவருடைய ‘ரெட் ஸ்பெஷல்’ கிற்றாரின் நகல், வொக்ஸ் ஏசி30 அம்பிளிபயர், இரண்டுக்கும் நடுவில் கீச்சை உயர்த்திக் கொடுக்கும் ஒரு சின்னப் பெட்டி, தந்தியைத் தட்ட ஒரு பழைய ஆறு பென்ஸ் காசு. இலண்டனுக்கு வந்து கையில் நாலு காசு தங்கத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். கெட்டிக்காரத்தனமாகச் செய்திருக்கிறார்கள். சில இரவுகளில், ஓடுவது இசைத்தட்டா நான் வாசிப்பதா என்று பக்கத்து அறையில் இருப்பவர்களுக்கே தெரியாது.

இதில் ஒரு வேடிக்கை. இவ்வளவு விலை கொடுத்து நாங்கள் நகலெடுக்கும் மூலப்பொருள் கழிவுகளால் ஆனது. 1963இல் பதினாறு வயதுப் பெடியனாக இருந்த பிரையன், நல்ல கிற்றார் வாங்கக் காசில்லாமல், தகப்பன் ஹரோல்டுடன் சேர்ந்து அதைத் தானே செய்யத் தொடங்கினார். கழுத்து, யாரோ கழித்துவிட்ட கணப்படுப்புச் சட்டத்தின் மரம். உடலில் பழைய மேசை ஒன்றின் ஓக் பலகை. சுருதியை ஆட்டும் நெம்புகோலுக்குக் கீழே மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். விரற்பலகையில் மின்னும் புள்ளிகள் தாயாரின் தையற்பெட்டியில் இருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள்.

இவையெல்லாவற்றையும்விட என்னைப் பிடித்து உலுப்பியது வேறொன்று. அந்தக் குழுவில் பேஸ் வாசித்த ஜோன் டீக்கன் இலத்திரனியல் படித்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் இலண்டன் தெருவொன்றின் குப்பைத் தொட்டியில் கிடந்த ஒரு சின்ன றேடியோவின் மின்சுற்றுப் பலகையை எடுத்துவந்து, ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குள் பூட்டினார். ஒன்பது வோல்ட் பற்றரியில் ஓடும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகுகூட இல்லை. உள்ளே ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள். அந்தப் பெட்டிக்குள்ளால் கிற்றாரை விட்டால் வயலினும் எக்காளமும் கலந்த குரல் வரும். 1975இல் வந்த அவர்களின் தட்டில் பிரித்தானியத் தேசிய கீதத்தை ஒரு முழு வாத்தியக் கூட்டம் வாசிப்பதுபோல அடுக்கடுக்காகக் கேட்கலாம். அதில் இந்தப் பெட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. அதை நகலெடுக்கப் போனவர்கள் பலகையை அணுவணுவாக அளந்து, இப்போது கிடைக்காத டிரான்ஸ்போமர்களைப் புதிதாகச் சுற்றவேண்டியிருந்தது. ஒரு சின்ன றேடியோவின் குடலுக்கு இவ்வளவு மரியாதை!

றேடியோவின் குடலை எடுத்துக் கிற்றாருக்குப் பூட்டிய ஒருவரை நான் அதற்கு முதலே பார்த்திருக்கிறேன். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் தர்மபுரம் தாண்டிவரும் விசுவமடுவில், றெட்பானாச் சந்திக்குக் கிட்ட, கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே பெயர்ந்தபோது யாழ்ப்பாணத்தால் வந்த அண்ணை ஒருவர் அதில் இருந்தார். றேடியோ திருத்துவார். சட்டி பானையோடு ஒரு கிற்றாரையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்ததற்காகத் தாயிடம் வாங்கிய பேச்சை அவரே சிரித்துச் சிரித்துச் சொல்லுவார்.

1990இல் சண்டை திரும்பத் தொடங்கியதும் வந்த பொருளாதாரத் தடையில் அகப்பட்ட பொருள்களில் பற்றரியும் ஒன்று. றேடியோ இருக்கும், பாட்டு இருக்கும், உயிர்தான் இராது. பழைய பற்றரியை வெயிலில் காயவைத்து ஒரு செய்தியறிக்கை கேட்கலாம். மற்றபடி சைக்கிள் டைனமோதான். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றிப் பின்சில்லைச் சுழற்றினால் ஆறு வோல்ட் ஆடலோட்டம் வரும். அதை நாலு டயோட்டுக்குள்ளால் விட்டு, ஒரு கொண்டென்சரைக் குறுக்கே போட்டு நேராக்கினால் றேடியோ பாடும். பிபிசி தமிழோசை நேரத்தில் ஊரிலே எத்தனை வளவுகளில் சில்லுச் சுற்றும் சத்தம் கேட்கும்!

அண்ணை இதோடு நிற்கவில்லை. பழுதாய்ப்போன தொலைபேசியொன்றின் காதுத் துண்டைக் கிற்றாரின் வயிற்றில் ஒட்டி, அதன் வயரை ஒரு உடைந்த றேடியோவின் அம்பிளிபயர் பகுதிக்குள் கொடுத்தார். ஒரே டைனமோவில் இதுவும் ஓடவேண்டும், பக்கத்தில் கசற் றெக்கோடரும் ஓடவேண்டும். கசற்றில் ‘இளைய நிலா’. மிதிப்பது நான்.

கால் ஓய்ந்தால் இரண்டும் கெடும். மோட்டர் மெதுவாகி, எஸ்.பி.பி.யின் குரல் அப்படியே இறங்கிக் கரகரக்கும். கிற்றாரின் சுருதி இறங்காது. ஆனால் மின்னழுத்தம் போதாத டிரான்சிஸ்டர்கள் அலையின் தலையை வெட்டிவிடும், சத்தம் பிய்ந்து தேனீக்கூட்டம்போல வரும். அண்ணை விடமாட்டார். பாட்டு இறங்க இறங்கத் தன் விரலையும் ஒரு கட்டை கீழே இறக்கி அதன் பின்னால் போவார். “டேய் தம்பி, அரைச் சுரம் போட்டுதடா, மிதி!” என்பார். “ஏலாதண்ணை” என்றால், “சரணம் முடியட்டும், தண்ணி தாறன்” என்பார். நான் எம்பி மிதித்ததும் பாட்டு மேலே ஏறும், அவரும் ஏறுவார். சந்தியில் நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

டீக்கனின் பெட்டியில் பிரையன் தேடியதும் ஏறக்குறைய இதைத்தான்: அளவுக்கு மேல் கேட்கப்பட்ட ஒரு சின்னப் பலகை திணறும் திணறல். ஆனால் பற்றரி இறங்க மணித்தியாலங்கள் எடுக்கும். பன்னிரண்டு வயதுக் கால் களைக்க ஒரு பல்லவி போதும்.

தடைக்காலத்தைத் திரும்பக் கேட்கிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். மருந்தில்லாமல் ஆட்கள் செத்த காலம் அது. 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்து பற்றரி பெட்டி பெட்டியாக வந்தபோது, டைனமோவைக் கழற்றி எறிந்தவர்களில் நானும் ஒருவன். அதே வருசம் யூன் மாதம் பிரையன் மே பக்கிங்ஹாம் மாளிகையின் கூரையில் ஏறி நின்று அந்தத் தேசிய கீதத்தை வாசித்தார். அந்த ஒளிப்பதிவைப் பல வருசம் கழித்துத்தான் பார்த்தேன்.

2009 சனவரியில் விசுவமடு சனம் முழுக்கக் கிழக்கே நகர்ந்தது. நான் அதற்கு முதலே வெளிக்கிட்டுவிட்டேன். அண்ணையைப் பற்றி விசாரித்தால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒன்றையும் நம்ப மனம் வருவதில்லை.

அண்ணையின் அந்த ஒலியையும் இங்கே எடுத்துப் பார்த்தேன். மின்னழுத்தத்தைக் குறைத்து டிரான்சிஸ்டர்களைப் பட்டினி போடும் கருவிகூட விற்பனைக்கு இருக்கிறது. பிய்ந்த சத்தம் சரியாக வருகிறது. ஆனால் அது பிய்ந்தபடியே நிற்கிறது. களைப்பதுமில்லை, ஏசினால் எம்புவதுமில்லை. போனமாதம் விசுவமடுவில் இருக்கும் மச்சானுக்கு எடுத்து, பழைய டைனமோ ஒன்று தேடித்தரச் சொன்னேன்.

“டைனமோவோ? பழைய இரும்புக்காரன் எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போட்டான். இப்ப பெடியள் எல்லாம் மோட்டர் சைக்கிள்தான்” என்றான். கொஞ்சம் பொறுத்து, “புளியம்பொக்கணைப் பக்கம் ஒரு கிழவரிட்ட றலி சைக்கிள் நிக்குது. அதில பூட்டியிருக்கு. ஆனா வெளிநாட்டுக்காரன் கேக்கிறான் எண்டு தெரிஞ்சா விலையை ஏத்திப்போடுவார்” என்றான்.

வெளிநாடென்று சொல்லாமல் கேட்கச் சொல்லியிருக்கிறேன். சில்லையும் சேர்த்து.